கம்பளத்துக்கு வெளியே ஒரு கால்

தியேட்டர் வாசலில் ஏகாம்பரம் தலையைத் தாழ்த்தினார். வாசல்காரன் அவர் பிடரியில் ஒட்டியிருந்த மட்டுப்பட்டையை அணைத்தான். ஊரில் எல்லார் பிடரியிலும் அது உண்டு. துக்கமோ கோபமோ தலைதூக்கினால் அமுக்கிவிடும். கலவரங்களுக்குப் பிறகு வந்த சட்டம். சிரிப்புப் படம் ஓடும்போது மட்டும் அதற்கு விடுப்பு. அழுகைப் படங்களுக்குத் தடை.

"இன்னா பெருசு, மறுபடியும் இதே படமா?"

"டிக்கெட் வாங்கிட்டுத்தானே வரேன்? உன் வேலையப் பாரு."

யாரையும் நம்பிப் பழக்கமில்லை அவருக்கு. மனைவி கன்னியம்மா செத்த அன்று, ஆஸ்பத்திரியில் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் காலை உள்ளே தள்ளிவிட்டு, "டீ எங்க கெடைக்கும்?" என்று கேட்டவர். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பட்டை விடவில்லை. ஒரு தடவையாவது அவளுக்காக அழுதுவிட வேண்டும். போன முறை இதே படத்தில் வாய்விட்டு அழ ஆரம்பித்தார். காவலாளி டார்ச் அடித்து அங்கேயே பட்டையைப் போட்டுவிட்டான்.

திரையில் வெள்ளை சூட் போட்ட கொலைகாரன். கசங்காமல் கொல்வான், கொன்றதும் தலை வாரிக்கொள்வான். போலீஸ் கதவைத் தட்டியது. பிணத்தின் மேல் கம்பளத்தை இழுத்தான். தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை. உள்ளே வந்த இன்ஸ்பெக்டர், நீட்டிக்கொண்டிருந்த காலில் தொப்பியை மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அரங்கம் அதிர்ந்தது. ஏகாம்பரமும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே நின்றது. அந்தக் கால். விசும்பல் கிளம்பியது.

பக்கத்துச் சீட்டுப் பெண் அவர் கையை அழுத்தினாள். "சத்தமா சிரிண்ணா. அப்பத்தான் டார்ச்சுக்காரனுக்குத் தெரியாது."

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"யாரும்மா உனக்கு?"

"புள்ள. உனக்கு?"

"சம்சாரம்."

டார்ச் வெளிச்சம் வரிசையாய் வந்தது. அத்தனை முகங்களும் நனைந்திருந்தன. அத்தனை வாய்களும் சிரித்தன. ஏகாம்பரம் கன்னியம்மாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி, தொடையில் அறைந்து சிரித்தார். வெளிச்சம் அவரைக் கடந்து போனது.

படம் முடிந்தது. வாசல்காரன் பட்டையைப் போட்டான்.

வெளியே மகள் சரளா காத்திருந்தாள். "அழுதியாப்பா?"

"அழுதேன்."

"அம்மாவுக்கா?"

"ஆமா." ஈரமான காலரைத் தடவிப் பார்த்தார். தெருவை இப்படியும் அப்படியும் நோட்டம் விட்டார்.

"டீ எங்க கெடைக்கும்?"