ஒரு பம்ப் காற்று

குழாய் மறுபடியும் சூடாகிறது.

பாத்ரூமில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் அண்ணனுடைய ஏர் ரைஃபிள். அதன் பம்ப் கையை என் துப்பட்டாவால் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டிருக்கிறேன். அது அசைய முடியாது. அசையவும் இல்லை. ஆனாலும் கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்கிறது. க்ரீச். ட்டக். ஒவ்வொரு தடவையும் என் தொடையின் மேல் இரும்பு இன்னும் கொஞ்சம் சூடாகிறது, ஜுரம் ஏறுகிற உடம்பு மாதிரி.

வெளியே இருப்பது திருடன் இல்லை. திருடனாக இருந்தால் கத்தியிருப்பேன். அம்மாவைக் கூப்பிட்டிருப்பேன்.

எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகம். இந்த இரும்பை வீட்டுக்குள் கொண்டுவந்த மதன் மேல் கோபம், கொண்டுவர விட்ட அப்பா மேல் கோபம், எதைச் சொன்னாலும் "உடு கண்ணு" என்கிற அம்மா மேல் அதைவிடக் கோபம்.

மதன் என் அண்ணன். ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவன். மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கிற, பழைய சாமான் வாங்கி விற்கும் குஜிரிக் கடையில், பழைய ஃபேன்களுக்கும் பித்தளைக் குழாய்களுக்கும் நடுவில் இதைக் கண்டுபிடித்தான். அப்பா பிறப்பதற்கு முன்னால் அமெரிக்காவில் செய்த ரகமாம். ஊட்டிப் பக்கம் ஏதோ எஸ்டேட் வீட்டைக் காலி செய்தபோது வந்ததாம். துரு எடுத்து, எண்ணெய் போட்டு, தோல் வாஷர் மாற்றி, இரண்டு மாதம் அதோடேயே குடித்தனம் நடத்தினான். வீடெல்லாம் மெஷின் ஆயில் வாசனை, அதற்கு அடியில் பழைய கட்டையின் புளித்த வாசனை.

வேலை செய்கிற விதம் சைக்கிளுக்குக் காற்றடிப்பது மாதிரிதான். குழலுக்கு அடியில் இருக்கிற மரக் கையைக் கீழே இழுத்து, திரும்ப மேலே அழுத்தி மூடினால் ஒரு பம்ப். அடிக்க அடிக்கக் கை கனக்கும், உள்ளே காற்று இறுகும், குழாய் சுடும். மூன்று அடித்துச் சுட்டால் ஈய ரவை டப்பா மூடியில் பள்ளம் போடும். எட்டு அடித்தால் ஓட்டை. பத்துக்கு மேல் கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. இந்த மாதிரிப் பழைய பம்ப் ரைஃபிளைக் காலியாக வைக்கக் கூடாது. எப்போதும் ஒரு பம்ப் காற்றாவது உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வால்வின் சீல் காய்ந்து போகும். அதனால் தினமும் படுக்கப் போவதற்கு முன்னால், சாமி கும்பிடுகிறவன் மாதிரி, மதன் கட்டிலில் உட்கார்ந்து ஒரே ஒரு பம்ப் அடிப்பான். வாய்விட்டு "ஒண்ணு" என்பான். பிறகு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு லைட்டை அணைப்பான்.

க்ரீச். ட்டக். "ஒண்ணு." எங்கள் வீட்டில் தூக்கம் அந்தச் சத்தத்தில்தான் தொடங்கும்.

மாடித் தொட்டிக்கு அடியில் ஒரு மஞ்சள் பூனை இருந்தது. ரவை உப்புமாவுக்கு மட்டும் வரும், அதனால் ரவை என்று பெயர் வைத்தேன். ஒரு நாள் மதன் அதைச் சுட்டுவிட்டான்; புறாவைக் குறி வைத்ததாகச் சொன்னான். நான் மேலே போனபோது ரவை தொட்டிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது, ஒரு கண் இல்லை, மற்றது திறந்திருந்தது. நான் அழுதுகொண்டே இறங்கி வந்ததும் அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான்.

"ரவைக்கு ஒரு ரவை. கணக்கு சரியாப் போச்சு, விடு."

அந்த ஜோக்குக்காக அவனைக் கொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பூனதான கண்ணு, உடு. ஆம்பளப் பையங்கூட எதுக்குப் பேச்சு?"

நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது நன்றாக வரும். அம்மாவின் அண்ணன் ராமாபுரத்தில் இறந்தபோது, லக்கேஜ் ஆட்டோவில் இருந்த வெங்காய லோடை இறக்கிவிட்டுப் போகலாம் என்றார் அப்பா. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழியை மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து அப்பாவின் தட்டில் மட்டும் கரண்டி கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு இறங்குகிறது. போன மாதம் டீக்கடை முன்னால், சந்தே பார்க்க, அப்பா மதனைச் செருப்பால் அடித்தார். அவன் செருப்பை எடுத்து அவர் காலடியில் நேராக வைத்துவிட்டு வந்தான்.

ரவையைப் புதைத்த மறுநாள் காலையில், கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது ரைஃபிள் என் கையில் பட்டது. சூடாக இருந்தது. வெயில் படாத இடம். மழை பெய்து தரையே சில்லென்று இருந்த காலை. பம்ப் குழாய் மட்டும், இப்போதுதான் யாரோ அடித்துவிட்டு வைத்த மாதிரி.

மதன்தான் என்று நினைத்தேன். அவன் நான்தான் என்று நினைத்தான்.

"ஏய், நீதான கை வெச்ச?"

"உன் தரித்திரம் பிடிச்ச பைப்ப நான் எதுக்குத் தொடறேன்?"

"சும்னே சுள்ளு சொல்லாத கணே, பொய் சொன்னா எனக்குத் தெரியும். ராத்திரி ஒண்ணு வெச்சேன். இப்ப கை இறங்கவே மாட்டேங்குது."

அப்பா லக்கேஜ் ஆட்டோவுக்குக் கிளம்பிக்கொண்டே கத்தினார். "அந்தக் கருமத்தத் தூக்கி குஜிரிக்கே போடுடா! பொளப்பப் பாக்கற வயசுல காக்கா சுட்டுட்டுத் திரியறான்!"

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு வாரமாக நான் அவனோடு பேசவில்லை. என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தானோ என்னவோ, ரைஃபிளை என் பக்கம் திருப்பி, "கை தூக்குங்க மேடம்" என்றான். உள்ளே ரவை கிடையாது, ஒரே ஒரு பம்ப் காற்று, புஸ் என்று போகும், அவ்வளவுதான் என்று அவனுக்கு நிச்சயம். விசையை இழுத்தான்.

டிக்.

புஸ் இல்லை. வெறும் டிக்.

அவன் முகம் மாறியது. போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பார்த்தான். உள்ளே, என் நெற்றிக்கு நேராக இருந்த அந்தத் துளையின் மறுமுனையில், ஈயம் மினுங்கியது.

"நான் போடல. சத்தியமா நான் போடல, தாரணி."

"அப்புறம் ஏன் வெடிக்கல?"

"லாக் ஆயிடுச்சு. காத்து ரொம்ப ஜாஸ்தியானா வால்வ் தெறக்காது. உள்ள இருக்கற சுத்தியல் போய் அடிக்கும், வால்வத் தள்ள முடியாது."

"எப்பவுமே தெறக்காதா?"

"தானா கசியும். கசிஞ்சு கசிஞ்சு ஒரு அளவுக்கு இறங்கினா..." அவன் குழாயைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். "அப்ப இழுத்தா மொத்தமும் ஒரே அடியா வரும்."

ரவை டப்பாவைச் சாக்கடையில் கொட்டினான். ரைஃபிளைச் சமையலறைப் பரணில், பழைய அண்டாவுக்குப் பின்னால் போட்டான். மறுநாள் காலையில் அது கட்டிலுக்கு அடியில் இருந்தது. சூடாக. உள்ளே ஒரு ரவையோடு.

கீழ் வீட்டு ரங்கம்மா, எங்கள் ஓனர், படிக்கட்டில் என்னை நிறுத்தித் தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள்.

"ஏனம்மா, ராத்திரியெல்லாம் மேலே ஏனு கதை? ஒருத்தர் எத்திரிச்சு நடக்கறது, படுக்கறது. ஆமேலே இன்னொருத்தர். நித்தெயே இல்லே நமக்கு, தூக்கமே போச்சு."

ஒருத்தர் மட்டும் இல்லை. இன்னொருத்தரும்.

அன்று சாயங்காலம் யாரும் இல்லாதபோது ரைஃபிளை வெளியே இழுத்து, அந்த மரக் கையை மூக்கில் வைத்து முகர்ந்தேன். மெஷின் ஆயில். அதற்கு மேல் வெங்காயச் சாக்கும் டீசலும், அதாவது அப்பா. அதற்கும் மேல், இனிப்பாக, தலைவலி வரும்படி, ஊதுபத்தி மசாலா. அம்மா வேலை செய்யும் ஃபேக்டரியின் வாசனை. எத்தனை தடவை சோப்பு போட்டாலும் அவள் உள்ளங்கையை விட்டுப் போகாத வாசனை. கடைசியில், மரத்தின் வெடிப்பில், ஒரு சின்னப் பச்சைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

என் நகப் பாலிஷ்.

பம்ப் கையை அவசரமாக மூடினால் கட்டைவிரலுக்குக் கீழே சதையைக் கவ்வும்; பிறை மாதிரி ஒரு சிவப்புத் தழும்பு விழும். மதனுக்கு அது எப்போதும் உண்டு. இன்று ராத்திரி அம்மா சாதம் போடும்போது அவள் கையைப் பார்த்தேன். பிறகு தண்ணீர் டம்ளரை எடுத்த அப்பாவின் கையை. இரண்டிலும் அதே பிறை. என் கையை நான் பார்க்கவில்லை. அது தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. எரிந்தது.

"என்ன கண்ணு, கை என்னாச்சு?"

"உன்ற கைக்கு என்ன ஆச்சும்மா?"

அம்மா சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குழம்பை எடுக்கப் போனாள். கரண்டி அப்பாவின் தட்டில் ணங் என்று இறங்கியது.

நான் தூங்கக் கூடாது என்று முடிவு செய்தேன். சந்தில் கடைசி பைக்கும் போய், எதிர்க்கடை ஷட்டர் இறங்கி, ரங்கம்மாவின் டி.வி. அணைந்து, தொட்டியில் நீர் சொட்டுவது மட்டும் மிச்சமான பிறகு, பாயில் கண்ணை முக்கால் மூடிக்கொண்டு கிடந்தேன். தெருவிளக்கின் மஞ்சள் ஜன்னல் கம்பிகளை எங்கள் மேல் கோடு கோடாகப் போட்டிருந்தது. அப்பாவின் குறட்டை, அம்மாவின் மெல்லிய மூச்சு, கட்டிலில் மதன் புரளும் சத்தம், எல்லாம் கலந்து ஒரே ஆள் மூச்சு விடுவது போல் ஆனது. பிறகு அந்த மூச்சு நின்றது. மூன்றும் ஒன்றாக.

மதன் எழுந்தான். கண் மூடியிருந்தது. கட்டிலுக்கு அடியில் கை விட்டான்.

க்ரீச். ட்டக்.

"ஒண்ணு."

தரையில் வைத்துவிட்டுப் படுத்தான். அப்பா எழுந்தார். அவர் கண்ணும் மூடித்தான் இருந்தது.

க்ரீச். ட்டக்.

"ஒண்ணு."

அம்மா. வளையல் சத்தம் போடாதபடி முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் சந்தனம் தொட்டுக்கொள்கிறவள் மாதிரி நிதானமாக.

"ஒண்ணு."

பிறகு அதை என் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தாள். என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

நான் தொடக் கூடாது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கை மரத்தின் மேல் இருந்தது. ரவையின் ஒற்றைக் கண் ஞாபகம் வந்தது. ரவைக்கு ஒரு ரவை. பகலில் மதனால்கூட இறக்க முடியாத அந்தக் கை, வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. மூடியது. உள்ளே என்னவோ இறுகியது. என் மார்பில் என்னவோ லேசானது. பத்து நாளில் முதல் தடவையாக எனக்குச் சுகமாக இருந்தது.

"ஒண்ணு" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்டது. அப்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கதவைச் சாத்தினேன்.

இப்போது வெளியே. க்ரீச். ட்டக்.

பிளாஸ்டிக் கதவில் கைப்பிடி உடைந்து போன இடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. கண்ணை வைத்துப் பார்க்கிறேன்.

மூன்று பேரும் வரிசையாக நிற்கிறார்கள். கண் மூடி. வெறும் காற்றில் கையை இறக்குகிறார்கள். மூடுகிறார்கள். என் மடி சுடுகிறது.

அம்மாவின் தலை அப்பாவின் தோளில் சாய்ந்திருக்கிறது. மதன் சின்ன வயதில் பிடிப்பது போல அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருக்கிறான். முகங்களில் கோபமே இல்லை. நான் பிறந்ததிலிருந்து என் வீட்டை இவ்வளவு நிம்மதியாகப் பார்த்ததில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறார்கள்.

போல்ட்டை இழுக்கிறேன். ரவை. எடுத்து ஜலதாரையில் போடுகிறேன். அது உருண்டு போகிற சத்தம் கேட்கிறது. மறுபடி இழுக்கிறேன்.

ரவை.

ஸ்ஸ்ஸ்.

கசிகிறது. மெல்லிசாக, பல்லிடுக்கில் மூச்சு விடுவது போல. இறங்குகிறது. இன்னும் இறங்குகிறது.

துப்பட்டா தரையில் கிடக்கிறது. ஒரு முடிச்சுகூட இல்லை. நான் அவிழ்க்கவில்லை.

மதன் சொன்ன அந்த அளவுக்கு இறங்கி, கசிவு நின்றுவிட்டது.

வெளியே மூன்று கைகளும் நின்றுவிட்டன. மூன்று முகங்களும் கதவைப் பார்த்துத் திரும்புகின்றன, கண் மூடியபடியே, ஆஸ்பத்திரி வாசலில் நல்ல செய்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. என் விரல் விசையின் மேல் இருக்கிறது. எப்போது போனது என்று தெரியவில்லை. என் மற்றொரு கை கதவின் தாழ்ப்பாளை விலக்குகிறது.

எங்கள் நாலு பேரில் இந்த ரவை யாருக்கு?