ஆணையரின் முதுகு

செவ்வாய்க்கோளின் சேயகம் நகரில் முதற்பேருந்து புறப்படுமுன்பே போக்குவரத்து ஆணையர் ஆரூரன் நீராடி, நீறணிந்து, கட்டிலில் குப்புறப் படுத்து, மடித்த துண்டைப் பற்களுக்கிடையே கவ்விக்கொள்வார். அவர் மனைவி சன்னலை அடைப்பார். அப்படியும் கசியும் முனகலைக் கேட்டே அண்டை வீட்டார், பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன என்று அறிந்து வேலைக்குக் கிளம்புவார்கள்.

செவ்வாயில் குடியேறிய முன்னோர் மண்ணுலகச் சாலைகளில் பட்ட பாட்டை மறவாதவர்கள். சாலைநிதியைக் கையில் வைத்திருப்பவன் சாலையின் நோவையும் உடலில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அதன்படி, பதவியேற்கும் ஆணையரின் முதுகுத்தண்டில் நெல்மணியளவான 'நோவேந்தி' பதிக்கப்படும். பேருந்தின் ஒவ்வோர் இருக்கையும் தன்மேல் அமர்ந்தவர் படும் குலுக்கலை உணர்ந்து அனுப்ப, அதில் ஒரு சிறு பங்கு ஆணையரின் எலும்பில் வந்து இறங்கும். ஆளில்லா இருக்கை எதையும் அனுப்பாது. எந்தத் தடம் மிகுதியாக வலிக்கிறதோ அதற்கே அவ்வாண்டின் நிதி. ஆகவே அந்நகரில் இருவர் எதிர்ப்பட்டால், "ஆணையருக்கு முதுகு எப்படி?" என்பதே முதற்பேச்சு.

ஆரூரனை மிகவும் வதைத்தது பாசிப்பள்ளத் தடம். நகரைக் கவிந்த கண்ணாடிக் கூரைக்கு வெளியே, செம்புழுதியில் கிடந்த அந்தச் சாலை வழியாகவே பெண்கள் பாசித்தோட்டத்து வேலைக்குப் போனார்கள். அந்த வண்டி கிளம்பினால் அவர் முதுகில் உலக்கை விழும். இவ்வாண்டு நிதி பள்ளத்துச் சாலைக்கே என்று அவர் வாக்களித்திருந்தார். கூடவே செவ்வேளிடம், "என்பு தேயுமுன் இந்நோவைத் தணித்தருள், ஐயனே" என்று நாள்தோறும் முறையிட்டும் வந்தார்.

ஒரு காலை உலக்கை விழவில்லை. துண்டைக் கடித்தபடியே காத்திருந்தார். மற்றத் தடங்களின் மெல்லிய குத்தல்கள் வந்தன. பள்ளத்து அடி மட்டும் வரவில்லை. மறுநாளும் இல்லை. கண்கள் பெருகின. திருவருள் இரங்கிற்று என்றே தெளிந்தார். அருள் வந்த வழியை ஆராய்வது அடியவர்க்கு அழகன்று என்பது அவர் கொள்கை. அலுவலகத்தில் எவரையும் எதுவும் கேட்கவில்லை.

நிதி வழங்கும் நாள் வந்தது. பள்ளம் வலிக்கவில்லை. எஞ்சியவற்றுள் சற்றே நமநமத்தது பேரவை மண்டபத்தின் முன்வீதி. அதற்குப் பளிங்குத்தளம் பாவலாம் என்று ஆரூரனே முன்மொழிந்தார். அவையினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பளிங்கும் விரைவில் பதிக்கப்பட்டது.

நேர்ந்துகொண்டபடி, பள்ளத்துக்கு அப்பால் குன்றின்மேல் நிற்கும் கோயிலுக்கு அவர் மாலையேந்திக் கால்நடையாகப் புறப்பட்டார். மூச்சுக்கவசம் மாட்டி, கண்ணாடிக் கூரையின் வாயிலைக் கடந்தவர் திகைத்து நின்றார். சாலை அதே சாலை, குழிக்குள் குழி. அதன் ஓரமாக, முதுகில் காற்றுக்குடுவை சுமந்த பெண்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னே வந்தவள் நிறைசூலி. அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, ஆணையர் ஐயா! ஏய், யாரு வந்திருக்காங்க பாருங்கடி! முதுகு எப்படிங்கய்யா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. உன் பேரென்ன?"

"செங்கமலங்க. பாசி அலசுறேன். இப்பல்லாம் நல்லாத் தூங்குறீங்களா?"

"தூங்குறேன்... வண்டி எங்கம்மா? எதுக்கு நடக்கிறீங்க?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே! உங்க செயலர் பரஞ்சோதி ஐயாதான் வந்து சொன்னாரு. இந்த வண்டி இன்னும் கொஞ்ச நாள் ஓடினா ஆணையர் படுத்த படுக்கைதான்னாரு. நிறுத்திடுங்கன்னு நாங்களே சொல்லிட்டோம்."

பின்னால் வந்தவள் சிரித்தாள். "வண்டி ஓடுறப்பவே இவ சேலையை மடிச்சு அடியில போட்டுத்தாங்க உக்காருவா. 'மெல்ல உக்காருங்கடி, அவருக்குக் குத்தும்'னு எங்களுக்கும் வசவு!"

இந்தப் பெண்களின் வலியில் ஒரு துளியை ஏந்தியதற்கே ஊர் கேட்கப் புலம்பியவர் ஆரூரன். அவர் வலி முழுவதையும் இவர்கள் வாய்திறவாமல் காலில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். கையிலிருந்த மாலை கனத்தது. குன்றை நிமிர்ந்து பார்க்கவும் கூசி, வந்த வழியே திரும்பினார்.

அலுவலகத்தில் அவர் கேட்டபோது செயலர் பரஞ்சோதி பதறவேயில்லை. "வலி குறையணும்னுதானே ஐயா தினமும் வேண்டிக்கிட்டீங்க? ரோடு போட வருஷக்கணக்காகும். வண்டியை நிறுத்த ஒரு கைரேகை போதும்."

"யார் கைரேகை?"

"உங்களதுதாங்க. பூசையில கண்ணை மூடி உருகிட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு பெருவிரலை மட்டும் எடுத்து ஒத்திக்கிட்டேன்."

ஆரூரன் தம் பெருவிரலைப் பார்த்தார். அதில் இன்னமும் நீறு ஒட்டியிருந்தது.

"நாளைக்கே வண்டியை விடு."

"விடலாங்க. ரோட்டுக்குத்தான் காசில்ல, பளிங்குக்குப் போயிடுச்சு. ரொம்ப வலிக்குமே ஐயா?"

"வலிக்கட்டும். வலிச்சாத்தான் அடுத்த வருஷம் ரோடு வரும்."

மறுநாள் அவர் துண்டைக் கடிக்காமல் படுத்தார். பட்டுத் தீர்ப்பதே கழுவாய் என்று உடலை இறுக்கிக்கொண்டார். வண்டி கிளம்பும் வேளை வந்தது, கடந்தது. உலக்கை விழவில்லை. எழுந்து, மூச்சுக்கவசத்தை எடுத்துக்கொண்டு வாயிலுக்கு ஓடினார். அங்கே தானியங்கிப் பேருந்து, வழக்கமான வேளைக்குமேலும் காத்துப் பார்த்துவிட்டு, கதவு மூடி, ஆளின்றி நகரத் தொடங்கியிருந்தது. கையசைத்து நிறுத்தி ஏறினார். முதற்குழியில் அடி இருமுறை விழுந்தது: ஒன்று அவர் உடம்பில், மற்றொன்று நோவேந்தியில்.

பெண்கள் ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஆரூரன் வண்டியை நிறுத்தி, கவசம் மாட்டி இறங்கினார்.

"ஏறுங்கம்மா. உங்க வண்டிதான்."

"ஐயோ, வேணாங்கய்யா! பாவம், உங்களுக்குக் குத்தும்."

"குத்தணும்மா! அப்பத்தான் சாலை வரும்." கைகூப்பினார். "உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன், ஏறு."

செங்கமலம் பதறி விலகினாள். "பெரியவங்க எங்களைக் கும்பிடலாமா? உங்களை நோக வச்சு நாங்க சொகுசாப் போனா சாமி கண்ணைக் குத்திடும். நீங்களும் எங்ககூட நடந்து வாங்கய்யா. முதுகுக்கு நல்லது."

நிறுத்தப்பொழுது முடிந்ததும் பேருந்து கதவை மூடிக்கொண்டு, வெற்றிருக்கைகள் அதிர, குழிகளில் விழுந்தெழுந்து முன்னே சென்றது. அதன் பின்புறப் பலகையில் பச்சை எழுத்துகள் ஒளிர்ந்தன: 'இத்தடத்தில் வலி இல்லை.'

ஆரூரன் தலைகவிழ்ந்து அப்பெண்களின் பின்னே நடந்தார். முதுகு வலிக்கவேயில்லை.