போயிட்டு வா, அப்பு

பழைய மோட்டார் சைக்கிளைக் காதலிக்கிற ஆண், குரங்கிலிருந்து மனிதன் இறங்கி வந்த பாதையில் நடுவழியில் டீ குடிக்க நின்றுவிட்டவன். இதை ஜெரோம் விளையாட்டாகச் சொல்லவில்லை. திண்டுக்கல்லில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒருவனுக்கு உரிய முழுப் பொறுப்போடுதான் சொன்னான். அவனிடம் ஆதாரம் இருந்தது. மேட்டுப்பட்டியில் அவன் தங்கியிருந்த அக்கா வீட்டுத் தகரக் கொட்டகையில், சென்டர் ஸ்டாண்டு போட்டு, தரையில் எண்ணெய் ஒழுக்கிக்கொண்டு அந்த ஆதாரம் நின்றது.

அது அக்கா புருஷன் அந்தோணிராஜின் வண்டி. அறுபதுகளில் செய்தது. பெட்ரோல் டேங்கில் இருந்த பெயர் எந்தக் காலத்திலோ உதிர்ந்துபோனதால் மாமாவே அதற்கு அப்பு என்று பெயர் வைத்துவிட்டார். தாலி கட்டிய பெண்டாட்டியை "இந்தாம்மா" என்றும் மச்சினன் ஜெரோமை "ஏலே" என்றும் கூப்பிடுகிற மனிதர், அந்த இரும்பிடம் மட்டும் "வா அப்பு, கோவிச்சுக்காத அப்பு" என்று குழைவார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இதே நோய் கண்ட ஏழெட்டுப் பேர் டீக்கடையில் கூடுவார்கள். தொப்பையைத் தாண்டி ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்துக்கொண்டு சிறுமலை அடிவாரம் வரைக்கும் போவார்கள். பாதிப் பேர் வண்டியில் திரும்புவார்கள். மீதிப் பேரும் அவர்களுடைய வண்டிகளும் குட்டியானை லாரியில் திரும்பும். அதையும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். வீட்டு மிக்ஸி ஒருதரம் சுற்றாவிட்டால் கடைக்காரனின் பரம்பரையையே இழுக்கிறவர்கள், ஒன்பதாவது உதைக்கு உயிர்பெறுகிற இன்ஜினுக்கு, "அவனுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல" என்று வக்காலத்து வாங்குவார்கள்.

"பின்னாடி ஏறுலே, காலேஜ்ல விடுறேன்" என்பார் மாமா.

"நடந்தே பழனிக்குப் போனாலும் போவேன் மாமா, இதுல ஏற மாட்டேன்."

"அப்படி அதுல என்னதான் இருக்கு மாமா?" என்றும் ஒருநாள் கேட்டான். மாமா கண்ணை மூடினார். இரண்டு கைகளும் காற்றில் எழும்பி இல்லாத ஹேண்டிலைப் பிடித்தன. கன்னத்தை உப்பி அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தத்தைக் கொண்டுவந்தார். "டுப்... டுப்... டுப்... டுப்... கேட்டியாலே? இதுதான்." தலை நரைத்த மனிதர். கல்லூரி விழாவில் ஜெரோம் அதை அப்படியே மேடையில் செய்து காட்டினான். முதல் பரிசு கொடுத்தார்கள்.

செம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில், வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்தபடியே மாமா மாரடைப்பில் இறந்துபோனார். ஆட்கள் போய்ப் பார்த்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததாம். வாழ்நாளில் முதல்முறையாக வண்டி நிற்கவில்லை, அவர் நின்றுவிட்டார். இந்த வாக்கியத்தை ஜெரோம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க மிகவும் சிரமப்பட்டான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் சாயங்காலம், குடை எடுக்கக் கொட்டகைக்குள் போனவனின் கெண்டைக்கால் சைலன்சரில் பட்டது. சுட்டது.

வெயில் என்று முடிவு செய்தான். கொட்டகைக்கு மேலே வேப்பமரம் கவிந்திருந்தது. காலையிலிருந்து ஒரே மேகமூட்டம். அவன் வந்ததே குடை எடுக்கத்தான். இருந்தாலும் வெயில்தான்.

"சூடா இருக்குல்ல?"

அக்கா இசைவாணி வாசலில் நின்றாள். கையில் மாமாவின் பழைய பனியன். அவள் வந்து டேங்கைத் துடைத்தாள், முன்சீட்டைத் துடைத்தாள், பிறகு பின்சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, முன்னால் கையை நீட்டி வைத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் அவள் பாதியாகிவிட்டாள். வளையல் முழங்கைக்குப் போய்த் திரும்பி வந்தது. வைக்கிற சோறும் வெஞ்சனமும் தட்டோடு காய்ந்தன.

"இப்பத்தான்லே வந்துட்டுப் போறாரு."

"அக்கா, மாமாவக் கல்லறையில வச்சு நீயும்தான ஒருபிடி மண்ணு போட்ட?"

"போட்டேன். அவரு கடைசியாக் கெளம்புன அன்னிக்குக் காலையில போயிட்டு வாங்கன்னேன். வாரேன்னாரு. வாரேன்னு சொன்ன மனுசன் வரணும்ல?" அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், பால்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. "நேத்து ஏறி உக்காந்தேன். பொசுக்குன்னு வண்டி அணைஞ்சுபோச்சு. இன்னொரு நாளு அணையாமக் கூட்டிட்டுப் போறேன்னாரு."

"எங்க?"

"அவரு இருக்குற எடத்துக்குத்தான். வேற எங்க?"

உடன்பிறப்பென்று அவனுக்கு இருந்தது அவள் ஒருத்திதான். பழைய வண்டிக் கிறுக்கு ஒரு தொற்றுநோய் என்பதை அவள் அவன் கண் முன்னாலேயே நிரூபித்துக்கொண்டிருந்தாள். பகுத்தறிவோடு வைத்தியம் பார்ப்பது என்று தீர்மானித்தான். பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள், வெளிச்சம் மங்குகிற நேரம், எதிர்வீட்டுத் தாளிப்பு வாசத்துக்கும் தூரத்துக் கோயில் மணிக்கும் நடுவில் எங்கிருந்தோ சூடான இன்ஜின் ஆயிலின் கனத்த வாடை மெல்ல மெல்ல வீட்டுக்குள் பரவி, திரைச்சீலையில் ஏறி, அவன் குடித்துக்கொண்டிருந்த காப்பியிலேயே இறங்கிவிட்டதுபோல நாக்கில் கசந்தபோது, அவன் எழுந்து கொட்டகைக்குப் போனான். அக்கா அங்கே இல்லை. சைலன்சர் சுட்டது. சட்டைப்பையில் பிளக் இருந்தது. முன்சீட்டின் ரெக்சின் நடுவில் குழிந்திருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அந்தக் குழி மெதுவாக நிமிர்ந்து மேலே வந்தது. செத்த நேரத்துக்கு முன்னால்தான் ஒரு கனமான ஆள் எழுந்து போன மாதிரி.

பழைய ஸ்பிரிங் அப்படித்தான் இருக்கும் என்று ஜெரோம் வாய்விட்டுச் சொன்னான். கேட்க யாரும் இல்லாத இடத்தில் ஏன் வாய்விட்டுச் சொன்னான் என்பதை யோசிக்கவில்லை.

அக்கா காலைப் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், செம்பட்டியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஜெய்தூன் பீவியை வரவழைத்தான். அந்த அம்மா குட்டியானையிலிருந்து இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏன் தம்பி, நல்லாத்தான இருக்கு? ஆசப்பட்டு வாங்குறவங்க இருப்பாங்களே."

"அந்த ஆசைய ஒழிக்கத்தான் உங்களக் கூப்பிட்டேன். ஓட்டக்கூடாது. இன்னிக்கே பிரிச்சு மேஞ்சிரணும்."

வண்டியை ஏற்றிக் கயிறு போட்டார்கள். ஜெரோமுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. பாரம் இறங்கியதும் பழைய வாய் வந்துவிட்டது. மாமாவின் கூட்டாளிகளைப்போலவே தொண்டையைக் கம்மவைத்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பாவனையில் டேங்கைத் தட்டிக்கொடுத்தான்.

"சரி அப்பு. போயிட்டு வா."

ஜெய்தூன் பீவி விழுந்து விழுந்து சிரித்தார். குட்டியானை தெருமுனை திரும்பியது.

திரும்பி வந்த இசைவாணி கொட்டகையில் எண்ணெய்க் கறையை மட்டும் பார்த்தாள். அழுவாள், அடிப்பாள் என்று அவன் இரண்டுக்கும் தயாராக நின்றான்.

"வித்துட்டியாலே?"

"உடைக்கக் குடுத்துட்டேன்."

"என்ன சொல்லி அனுப்புன?"

விசித்திரமான கேள்வி. "என்னத்தச் சொல்ல? சும்மா கேலிக்கு, போயிட்டு வான்னு சொன்னேன்."

அக்கா சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. "அப்பச் சரி" என்று உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம்.

அதற்குப் பிறகுதான் அவனுக்குள் அந்த வார்த்தை உறுத்தத் தொடங்கியது. ஊரில் யாரும் யாரையும் 'போ' என்று சொல்லி அனுப்புவதில்லை. கடன்காரனைக்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புகிறார்கள். அதற்கு அர்த்தம் போ என்பதுதான். வா என்பது சும்மா, வாலில் ஒட்டிக்கொண்டு வருவது. யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

யாரும்.

சாயங்காலம் போன் வந்தது. ஜெய்தூன் பீவி.

"தம்பி, யாராச்சும் ஆளு அனுப்புனீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"இன்ஜின எறக்கி வச்சாச்சு. டேங்க்கு, ஹெட்லைட்டு எல்லாம் தனித்தனியா இந்தா என் கண்ணு முன்னாடி கெடக்கு. சாப்ட்டு வந்து பாத்தா மிச்சக் கூட்டைக் காணோம். கேட்டு பூட்டுனபடி இருக்கு. காவலுக்கு வச்ச நாயி ரெண்டும் லாரிக்கு அடியில போயிப் பம்மிக்கிட்டு வெளிய வர மாட்டேங்குதுக." அந்த அம்மா சிரிக்க முயன்றார். "நீங்கதான போயிட்டு வான்னு கொஞ்சுனீங்க. வருதோ என்னமோ."

கரண்ட் போனது.

தெருவில் பிள்ளைகள் ஓவென்று கத்தி, பிறகு அடங்கினார்கள். வேப்பமரத்தில் அடைய வந்த காக்கைகள் ஒரே சமயத்தில் எழும்பிப் போயின. ஜெரோம் ஓடிப்போய் வெளிக்கேட்டைச் சாத்திப் பெரிய பூட்டாகப் போட்டான். உள்ளூர்ப் பூட்டு. மாமாவின் வண்டியைப்போலில்லாமல், இந்த ஊரில் செய்த பூட்டு ஒன்றின்மீது அறிவுள்ளவன் நம்பிக்கை வைக்கலாம்.

அப்போது கேட்டது.

டுப்... டுப்... டுப்... டுப்.

தெருவின் கடைசியில். வேகம் இல்லை. அவசரம் இல்லை. இன்ஜின் செம்பட்டியில் கிடக்கிறது என்று அவன் தனக்கே சொன்னான். இது வேறு வண்டி. ஊரில் இதுபோல ஏழெட்டுக் கிறுக்கன்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவன்.

சத்தம் நெருங்கியது. நாலு டுப்புக்கு ஒருதரம் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் வேறொரு சத்தம். ஈரமானது. உள்ளே இழுப்பது.

மூச்சு.

இன்ஜின் மூச்சு வாங்காது.

கேட்டைப் பிடித்தபடி நின்றான். தெரு காலியாக இருந்தது. சத்தம் கேட்டை நெருங்கியது. கேட்டுக்கு வந்தது. பிறகு முன்னால் கேட்கவில்லை.

பின்னால் கேட்டது.

திரும்பினான். கொட்டகையில் நின்றது. டேங்க் இல்லை. விளக்கு இல்லை. இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் சுவர் தெரிந்தது. முன்சீட்டு குழிந்திருந்தது. ஹேண்டில்பார் லேசாக, பழகிய கை பிடித்திருப்பதுபோல, ஆடியது. சத்தம் கீழேயிருந்து வரவில்லை. சீட்டுக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு ஆளின் வாய் இருக்கிற உயரத்திலிருந்து வந்தது.

டுப்... டுப்... டுப்... டுப்.

பெட்ரோல் வாடை. அதற்கடியில் ஈரமண் வாடை. அணைந்த மெழுகுவர்த்தி.

"வந்துட்டாரு."

அக்கா வாசற்படியில் நின்றாள். கல்யாணப் புடவை. குளித்து விரித்த தலை. முகம் முழுக்க வெளிச்சம்.

"அக்கா, உள்ள போ."

"நகருலே."

"உன் கால்ல விழுறேன். உள்ள போக்கா."

"அவரு எம்புட்டு நேரம்தான்லே வாய் வலிக்கச் சத்தம் குடுத்துக்கிட்டு நிப்பாரு? நகரு."

அவள் படியிறங்கினாள். ஒரு படி. இன்னொரு படி. பின்சீட்டு காலியாக இருந்தது. ஒரு ஆளுக்குத்தான் இடம்.

ஜெரோம் ஓடினான். காலைத் தூக்கிப் போட்டான். ஏறி உட்கார்ந்தான்.

விழாமலிருக்கக் கை தானாக முன்னால் போனது. அங்கே காற்றுதான் இருக்கவேண்டும். பிடிக்க ஒரு இடுப்பு இருந்தது. குளிர்ந்து, சட்டைக்குள் இறுகி, மண் ஒட்டி.

சத்தம் நின்றது.

அணைந்துவிட்டது. பின்னால் ஆள் ஏறினால் அணைந்துவிடும்.

"எறங்குலே." அக்கா கொட்டகைக்குள் வந்துவிட்டாள். அவள் கை அவன் சட்டையைப் பற்றியது. "நான் ஏறிக்கிறேன்."

அவன் பிடித்திருந்த இடுப்பு அசைந்தது. முன்னால் இருந்தது மெல்லத் திரும்பியது. அவனைப் பார்க்க அல்ல. அவளை.

நேரமில்லை. உதைக்கக் கிக்கர் இல்லை. எரிய பெட்ரோல் இல்லை. இந்த வண்டியை ஓட்ட ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவனுக்குத் தெரியும். அதற்கு அவன் பரிசு வாங்கியிருக்கிறான்.

ஜெரோம் கண்ணை மூடினான். கன்னத்தை உப்பினான்.

"டுப்," என்றான், மெதுவாக. "டுப்... டுப்... டுப்."

சக்கரம் உருண்டது. சட்டையைப் பற்றியிருந்த கை நழுவியது. பூட்டிய கேட்டு எப்போது பின்னால் போனது என்று தெரியவில்லை. காற்று முகத்தில் அடித்தது. தெருவிளக்குகள் இல்லை. வீடுகள் இல்லை. தூரத்தில் அக்காவின் குரல், ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்புகிற அதே குரல்.

"போயிட்டு வாங்க."

வாரேன் என்று சொல்ல நினைத்தான். சொல்ல முடியவில்லை. வாயை எடுத்தால் வண்டி நின்றுவிடும்.