நீல மை போன வழி

வாளித் தண்ணீர் நேற்றுப் போட்ட கோட்டிலேயே நின்றது. வீட்டு நீச்சல்குளத்துத் தண்ணீர் மட்டும் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது.

"வெயில்ல ஆவியாப் போயிருக்கும்" என்றான் கணவன், போன் ஸ்பீக்கரில். மூன்று வாரமாக இதே பல்லவி.

"குளத்துப் படியில வச்ச வாளிக்கும் அதே வெயில்தானே? அது ஏன் இறங்கல? வேதியியல் டீச்சருக்கே ஆவி பாடம் நடத்துறீங்களா?"

"ஓட்டை இருந்தா கண்டுபிடிச்சுக் காட்டு. சும்மா கத்தாத."

காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்தாள். போனைக் கரையில் வைத்தாள். மோட்டாரை நிறுத்தி, நீச்சல் கண்ணாடி மாட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் நீல மையோடு அவள் இறங்கியபோது, மதில் நிழல் பாதிக் குளத்தை மூடியிருந்தது. குளோரின் நெடி மூக்கில் ஏற, காதுக்குள் தன் நாடித்துடிப்பைத் தவிர வேறு ஓசையே இல்லாமல், அவள் சுவரைத் தடவியபடி ஆழத்துக்கு நகர்ந்தாள்.

சுவரில் பதித்த விளக்குக்குக் கீழே நகக்கீறல் போல ஒரு விரிசல். மையை விட்டாள். நீல நூல் நெளிந்து உள்ளே போனது.

மேலே வந்து, "ஓட்டை இருக்கு! உள்ள இழுக்குது!" என்று கத்தினாள்.

"உனக்கு அப்படித் தெரியுது. நல்லாப் பாரு."

ஆத்திரம் தலைக்கேற, மறுபடி மூழ்கினாள்.

மை வெளியே வந்தது. உள்ளே போனது. நிதானமாக மறுபடி வந்தது.

கசிகிற சுவர் வாங்கியதைத் திருப்பித் தராது.

அவளைத் தவிர இன்னொன்றும் அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பயத்தைவிடக் கோபமே முந்தியது. மூன்று வாரமாக அவளுக்குப் பைத்தியக்காரிப் பட்டம் வாங்கித் தந்த சுவர்! உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

ஒரு அறை.

உள்ளிருந்து இரண்டு.

ஏணியில் முழங்கால் இடித்துத் தோல் உரிய, கரையில் வந்து விழுந்தாள்.

"என்ன சத்தம்?"

"உள்ள... யாரோ தட்டுறாங்க."

"டைல்ஸ் கழண்டிருக்கும். இறங்கி அழுத்திப் பாரு."

"நீங்க வந்து இறங்குங்க! நீங்க வந்து அழுத்துங்க!"

பின்னால், யாரோ தண்ணீர் விழுங்குவதுபோல் ஒரு மடக்குச் சத்தம்.

திரும்பினாள். தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. சுழி இல்லை. குமிழி இல்லை. இன்னொரு மடக்கு. முழங்காலளவு.

ஈரச் சுவரில் விரிசல் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து கிடந்தது.

"ஹலோ? இருக்கியா?"

விரிசலின் விளிம்பை, நீரில் ஊறிச் சுருங்கிய நான்கு விரல்கள் உள்ளிருந்து பற்றியிருந்தன.

ஐந்தாவது வந்துகொண்டிருந்தது.