யார் தட்டினாலும்

துடுப்பு நின்ற பிறகும் கொப்பரைக்குள் கல் சத்தம் நிற்கவில்லை.

முற்றத்து அடுப்பில் ஏற்றியிருந்த அந்தப் பெரிய இரும்புக் கொப்பரையில் நேற்று மதியத்திலிருந்து சுமலக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. முளைகட்டிய கோதுமையை இடித்துப் பிழிந்த பாலும் மாவும் எண்ணெயும் சேர்ந்து, கிண்டக் கிண்ட வெளுப்பு போய்ப் பழுப்பாகி, பழுப்பும் போய் அல்வாப் பதத்தில் கறுத்துவரும் நேரம். அடிப்பிடிக்காமல் இருக்க வாய்க்காலில் பொறுக்கிய கூழாங்கற்களைக் கழுவி உள்ளே போட்டிருந்தார்கள். தெருப் பெண்கள் மாற்றி மாற்றித் துடுப்பைப் பிடிக்க, கல் உருண்டு இரும்பில் இடிப்பது நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் எல்லா முற்றத்திலும் கேட்கும் சத்தம்தான்; அதைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகள் தூங்கிப்போகும். ஆனால் இப்போது பக்கத்து வீட்டு இனோபத் கை ஓய்ந்து, துடுப்பை வெளியே எடுத்து விளிம்பில் சாத்திவிட்டாள். கூழ் அசையவில்லை. கல் மட்டும் தட்டியது.

ஒரு தட்டு. சற்றுப் பொறுத்து, இரண்டு.

விறகு தள்ளிக்கொண்டிருந்த ஹோசியத் நிமிர்ந்தாள்.

"கேட்டுதா?"

"என்னது?"

"கல்லு."

"கல்லைப் போட்டா கல்லுச் சத்தம் வராம, கல்யாணப் பாட்டா வரும்?" என்றாள் இனோபத். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நீதான் துடுப்பை எடுத்துட்டியேடி. கிண்டாதப்போ எப்படித் தட்டும்?"

இனோபத்தின் சிரிப்பு நின்றது. அவள் கொப்பரையைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

ஹோசியத்துக்கு உச்சந்தலைவரை எரிந்தது. இதே சொல்லை, இதே குரலில், இதே இனோபத் போன குளிர்காலத்தில் போலீஸ்காரரிடம் சொன்னாள். அன்றைக்கு அந்தச் சொல் ஹோசியத்துக்கு வேண்டியிருந்தது. இன்றைக்கு அதைக் கேட்டதும் அந்த வாயிலேயே ஒன்று வைக்கலாம் என்று தோன்றியது.

அப்போது நடுக்குளிர். இரவு நீண்டு நீண்டு கிடந்த நாட்கள். மகன் ருஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். அவன் பெண்டாட்டி மோஹிரா, கேட்காமல் கொள்ளாமல், சீக்காய்க் கிடந்த தன் தாயைப் பார்க்கப் போய்விட்டு இருட்டிய பிறகு வந்தாள். ஏன் என்று கேட்டால், "அம்மா கூப்பிட்டாங்க, போனேன்" என்று பதில். பதில்! ஹோசியத் தன் மாமியார் இருந்தவரை வாயைத் திறந்ததில்லை. மேல்சட்டைகூட எடுக்கவிடாமல் அவளைப் பிடித்து முற்றத்தில் தள்ளிக் கதவைத் தாழிட்டாள். "விடியட்டும், தானா புத்தி வரும்" என்று மகள் சேவராவிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள். தெருக்கதவின் பூட்டுச் சாவி அவள் தலையணைக்கு அடியில் இருந்தது.

மோஹிரா தட்டினாள். கதவை உடைக்கிற மாதிரித் தட்டியிருந்தால் எழுந்து நாலு அறையாவது விட்டு உள்ளே இழுத்திருக்கலாம். அவள் அப்படித் தட்டவில்லை. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்க வந்தவள் போல ஒரு தட்டு. பொறுத்து, இரண்டு தட்டு. மோதிரம் பலகையில் படும் சின்ன ஓசை. மருமகள் எப்படிக் கதவு தட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஹோசியத்தான்.

நெடுநேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. விடிந்தபோது இதே அடுப்போரம் சுருண்டு கிடந்தாள், இரண்டு கைகளையும் ஆறிய சாம்பலுக்குள் நுழைத்துக்கொண்டு. நெஞ்சு நோய் என்று எழுதினார்கள். பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த இனோபத், எதிர்வீட்டுக்காரி, கோடிவீட்டுக்காரி, எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். ஒண்ணும் கேக்கல. மோதிரத்தை ஹோசியத் கழற்றி வைத்துக்கொண்டாள். தங்கத்தை யாராவது புதைப்பார்களா? இப்போது அது அவள் விரலில்தான் இருக்கிறது, கொஞ்சம் இறுக்கமாக.

"என்ன சம்பந்தியம்மா, விறகு கையைச் சுட்டுடப்போகுது" என்றாள் ரோபியா.

ரோபியா பக்கத்து ஊரிலிருந்து சேவராவைத் தன் மகனுக்குக் கேட்டு வந்திருப்பவள். மடியில் ஒரு துணி மூட்டை. அதற்குள் வட்ட ரொட்டி. அதை இந்த வீட்டில் முறித்துவிட்டால் நிச்சயம் முடிந்தது. அதை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. மோஹிரா செத்த பிறகு கேட்டு வந்த முதல் இடம் இது. இதுவும் போனால் சேவரா வீட்டோடுதான்.

"தடம் விழட்டும்" என்று ரோபியா வந்ததுமே சொல்லியிருந்தாள். "உங்க கொப்பரையில தடம் விழுந்தா, ரொட்டியை நானே முறிக்கிறேன்."

பதம் வந்ததும் கொப்பரையை மூடிவிட்டுப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். யாரும் பார்க்காத அந்த நேரத்தில் ஒரு புனிதத் தாய் வந்து கை வைத்து ஆசி சொல்லிப் போவாள். சூரியன் வந்ததும் திறந்து பார்த்தால் மேலே விரல் தடம் இருக்கும். தடம் விழுந்த வீடு சுத்தமான வீடு.

கொப்பரை மறுபடி தட்டியது. துடுப்பு இப்போது சேவராவின் கையில் இருந்தது, ஆனால் அவளும் கிண்டவில்லை. துடுப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"கிண்டுடி! தீஞ்சுபோகும்!"

"கிண்டறேம்மா."

"உனக்குக் கேட்டுதா?"

சேவரா தாயைப் பார்த்தாள். பிறகு ரோபியாவைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

ரோபியா சிரித்தாள். "நல்லா வளத்திருக்கீங்க. இந்த வீட்டுல மருமகளை எப்படி வெச்சிருந்தீங்கன்னு எங்க ஊர்வரைக்கும் பேச்சு வந்துது. பலபேர் பலவிதமாச் சொன்னாங்க. நான் சொன்னேன், அப்படிப்பட்டவ பெத்த பொண்ணு அடங்கி இருப்பா, எனக்கு அவதான் வேணும்னு."

பெண்கள் தலையாட்டினார்கள். ஹோசியத்தும் ஆட்டினாள். உடனே திரும்பி, கோதுமை மாவுப் பாத்திரத்தை அங்கே வைத்தது யார் என்று சத்தம் போட்டாள்.

பாட்டு பாடினார்கள். நாளையிலிருந்து இரவைவிடப் பகல் நீளும், பனி ஓடும், வாதுமை பூக்கும் என்று பாடினார்கள். இனோபத் எல்லாரையும்விட உரக்கப் பாடினாள். பாட்டின் ஒவ்வொரு இடைவெளியிலும் அது தட்டியது; தட்டியதும் அடுத்த அடியை இன்னும் உரக்க எடுத்தார்கள்.

பதம் வந்தது. ஹோசியத் தானே பலகை மூடியைப் போட்டு, மேலே மெத்தை விரிப்பைப் போர்த்தினாள். போர்த்தும்போது சுமலக்கின் இனிப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை வந்தது. ஈரக் கம்பளியும் ஆறிய சாம்பலும் சேர்ந்த வாசனை.

"உள்ள போங்க எல்லாரும். சூரியன் வர்றவரைக்கும் ஒருத்தியும் வெளிய கால் வைக்கக்கூடாது."

உள்ளே கனமான மெத்தைகளில் கால் நீட்டி உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டார்கள். கதவு சாத்தியாயிற்று. சுவர் கனமானது. முற்றத்தில் நடப்பது எதுவும் இங்கே கேட்க வழியில்லை.

ஒரு தட்டு. பொறுத்து, இரண்டு.

கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன கைகள் பாதியில் நின்றன. எல்லாக் கைகளும். ஹோசியத் பார்த்தாள். பிறகு, ஒன்றும் நடக்காதது போல, எல்லாக் கைகளும் மேலே போயின. உறிஞ்சும் சத்தம்.

"இப்போ கேட்டுதில்ல? இனோபத்! உன் கோப்பை நின்னுதே!"

"சூடா இருந்துது, நிறுத்தினேன்."

"பொய் சொல்றே! நீ?" எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தாள். "நீ? நீ சொல்லு!"

"எனக்குக் காது மந்தம், தெரியாதா உனக்கு."

"எவளாவது ஒருத்தி! கேட்டுதுன்னு ஒருத்தி சொன்னா என்ன?"

"ஹோசியத்" என்றாள் இனோபத், மெதுவாக. "அன்னைக்கு எங்களுக்குக் கேக்கல. இன்னைக்கு மட்டும் எப்படிக் கேக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. ஹோசியத் ரோபியாவிடம் திரும்பினாள். ரோபியா ரொட்டி மூட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் வெளியூர்க்காரி. உங்க தெருவுல கேக்கிறது எனக்கென்ன தெரியும்."

மறுபடி. ஒரு தட்டு. இரண்டு.

ஹோசியத் எழுந்தாள். பயமா? பயப்பட அவள் என்ன நேற்று வந்தவளா? கரண்டியை எடுத்தாள். அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தோண்டித் தெருவில் எறிந்துவிட்டு வந்தால் தீர்ந்தது. செத்தும் அடங்காத நாய்.

"எங்கம்மா போறே?" என்றாள் சேவரா.

"கனல் பாத்துட்டு வர்றேன். நான் வெளிய போனதும் தாழ்ப்பாளைப் போடு. ஒருத்தியும் எட்டிப் பாக்கக்கூடாது."

"சரி."

"யார் தட்டினாலும் திறக்காதே."

"யார் தட்டினாலுமா?"

"யார் தட்டினாலும்! விடியட்டும்!"

வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. கிழக்கு வெளுத்திருக்க வேண்டும், வெளுக்கவில்லை. இரவும் பகலும் சமமாக நிற்கும் நாள் என்பார்கள். இந்த முற்றத்தில் இரவு மட்டும்தான் நின்றது. அடுப்பில் கனல் செத்துவிட்டிருந்தது, இவ்வளவு சீக்கிரம் எப்படிச் செத்தது என்று தெரியவில்லை. சாம்பலில் இரண்டு குழிகள். யாரோ இப்போதுதான் கைகளை உருவிக்கொண்டது போல.

விரிப்பை இழுத்தாள். மூடியைத் தள்ளினாள்.

தடம் விழுந்திருந்தது.

கறுத்த, பளபளத்த மேற்பரப்பின் நடுவில் ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக. ஹோசியத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். தடம்! ரோபியாவைக் கூப்பிட வேண்டும். தெருவையே கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தவள் குனிந்து பார்த்தாள்.

அது பள்ளமாக இல்லை. மேடாக இருந்தது.

மேலிருந்து யாரும் கை வைக்கவில்லை. துணிக்கு அடியிலிருந்து அழுத்துவது போல, அடியிலிருந்து. மோதிர விரலின் அடியில் மட்டும் ஒரு வளையப் பள்ளம்.

விரல்கள் மடங்கின. முட்டி மேலே வந்தது. கூழின் தோலை அது தட்டியது. மெல்ல.

கரண்டி எங்கோ விழுந்தது. ஓடினாள். கதவு. கையை ஓங்கினாள், பலகை பிளக்கும்படி. விழுந்தது மெல்லத்தான். ஒரு தட்டு. மோதிரம் பட்ட சின்ன ஓசை. மறுபடி ஓங்கினாள். மெல்ல, இரண்டு தட்டு. கை அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"சேவரா!"

சத்தம் வரவில்லை. வாயிலிருந்து ஆவிதான் வந்தது.

உள்ளே பேச்சு கேட்டது. எவ்வளவு தெளிவாகக் கேட்டது! இவ்வளவு கனமான சுவர் என்று நினைத்திருந்தாளே.

"அத்தை... கதவு."

"கதவுக்கென்ன?" ரோபியாவின் குரல்.

"யாரோ தட்டற மாதிரி."

"உங்கம்மா என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

"யார் தட்டினாலும் திறக்காதேன்னு."

"அப்புறம்? உனக்கு ஏதாவது கேக்குதா மகளே?"

ஹோசியத் தட்டினாள். நெற்றியைப் பலகையில் வைத்துத் தட்டினாள். சொல்லுடி. கேக்குதுன்னு சொல்லு. ஒரே ஒரு தடவை.

"இல்லை அத்தை" என்றாள் சேவரா. "எனக்கு ஒண்ணும் கேக்கல."

"சமத்து. விடியட்டும்."

மூட்டை அவிழும் சரசரப்பு. ரொட்டி முறியும் சத்தம். பெண்கள் வாழ்த்துச் சொன்னார்கள். இனோபத்தின் குரல்தான் உரக்க இருந்தது.

பின்னால் பலகை மூடி தரையில் விழுந்தது. சொட்டு. சொட்டு. முற்றத்துக் கல்லில், நெருங்கி. ஈரக் கம்பளி வாசனை. ஹோசியத் திரும்பவில்லை.

கிழக்கு இன்னும் கறுத்தே கிடந்தது.

அவள் கைக்குப் பக்கத்தில், அதே பலகையில், இன்னொரு கை வந்தது. கறுத்து, கூழ் வழிய, சுடச்சுட ஆவி பறக்க. மோதிர விரலில் பள்ளம். அது அவளைத் தொடவில்லை. அவசரப்படவும் இல்லை. உப்புக் கேட்க வந்தவள் போல மரியாதையாகத் தட்டியது.

ஒரு தட்டு. பொறுத்து, இரண்டு.

ஹோசியத்தின் கையும் அதோடு சேர்ந்து தட்டியது.