குருவித்திட்டுக்குப் போன கயிறு

"சாயங்காலத்துக்குள்ள வந்துருங்கக்கா. தண்ணி ஏறிட்டு வருது."

அதோடு ரொசாரியோவின் போன் அணைந்துவிட்டது. அமலி திரும்ப அழைத்துப் பார்த்தாள். மணி அடிக்கவில்லை.

தம்பி விடியலில் நண்டுவலை எடுக்க வள்ளத்தில் தனியாகப் போனவன். வள்ளம் பாறையில் மோதிப் பிளந்துவிட்டது. குருவித்திட்டில் ஏறி நிற்கிறான். கணுக்கால் வீங்கிவிட்டது, நீந்த முடியாது. குருவித்திட்டு வெறும் மணல்மேடு. அன்று அமாவாசை. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்றும் சேர்ந்தால் மாலையில் அந்த மேட்டைக் கடல் மூடிவிடும்.

திட்டைச் சுற்றிப் பவளப்பாறை. ஊரில் அதைப் பார் என்பார்கள். விசைப்படகு பாரைத் தாண்டாது, அடியில் சுழலும் விசிறி உடைந்துவிடும். கடலோரக் காவலுக்குச் சொல்லியாயிற்று. அவர்கள் படகும் பாருக்கு வெளியேதான் நிற்க முடியும். உள்ளே போகக்கூடியது ஒன்றுதான். அமலியின் கணவன் கஸ்பாரின் பாய்மரப் படகு, 'செவந்தி'. தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் அடிப்பலகையை மேலே தூக்கிக்கொள்ளலாம். பிறகு முழங்கால் ஆழம் போதும்.

அமலி துறைக்கு ஓடினாள். கஸ்பார் படகின் முன்முனையில் குந்தியிருந்தான். அவன் முன்னால் ஒரு கயிறு, ஒரே ஒரு புரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இத மாத்தாமப் போவ முடியாது" என்றான்.

முன்பாயைச் சுருட்டுகிற கயிறு அது. முன்பாய் ஒரு கம்பியைச் சுற்றிச் சுருண்டிருக்கும். கம்பியின் அடியில் ஓர் உருளை, டிரம் என்பார்கள். பாயை விரித்தால் கயிறு உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். கயிற்றை இழுத்தால் உருளை திரும்பி, பாய் சுருண்டு சிறிதாகும். பாரின் நடுவே குறுகலான ஒரு வழி இருக்கிறது. அங்கே அடிப்பலகையைத் தூக்கியதும் படகு பக்கவாட்டில் வழுக்கும். பெரிய பாயோடு போனால் காற்று படகைப் பாறையில் கொண்டுபோய் மோதிவிடும். சரியான இடத்தில் பாய் சட்டென்று சிறுக்க வேண்டும்.

அந்த வழி அமலிக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன் அங்கே பாசி எடுக்க முங்கியவள். அவள் சுக்கான் பிடித்தாக வேண்டும். அப்படியானால் கயிறு இழுப்பது கஸ்பார்.

இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

போன வருடம் விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் அவன் வலதுகை மாட்டியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. அன்றிலிருந்து யாருக்கு எதைக் கொடுத்தாலும் இடதுகைதான். வலதுகை கைலி மடிப்புக்குள் இருக்கும்.

"பென்சில் கனத்துல வாங்கிட்டு வா. அதுக்கு மேல டிரம்மு கொள்ளாது."

"சரி."

துறைக்கு எதிரே கயிற்றுக்கடை. கடைக்கார அண்ணாச்சி பென்சில் கனத்தில் ஒன்றை எடுத்துப் போட்டார். அமலி வலதுகையின் கடைசி இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டாள். மிச்சமிருந்த மூன்று விரலால் கயிற்றைப் பிடித்தாள்.

"அந்த முனையப் பிடிச்சு இழுங்க, அண்ணாச்சி."

அவர் இழுத்தார். கயிறு கைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடியது. உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு.

"அந்தத் தடிச எடுங்க."

அது சுண்டுவிரல் கனம். மெத்தென்று இருந்தது. அண்ணாச்சி இழுத்தார். கயிறு நகரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அமலிதான் நகர்ந்தாள்.

"உறைக்கயிறும்மா இது. உள்ள ஒரு தண்டு, வெளிய ஒரு உறை. கைக்கு நல்லாருக்கும். ஒங்க டிரம்மப் பாத்தியா நீ?"

"கையத்தான் பாத்தேன்" என்றாள்.

படகுக்கு வந்ததும், "மெல்லிசு தீந்துபோச்சாம்" என்று மூக்கைத் தடவிக்கொண்டாள். கஸ்பார் கயிற்றைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உருளையில் கட்டினான்.

செவந்தி கிளம்பியது. காற்று பலமாக இருந்ததால் பின்பாயை ஏற்றவில்லை. முன்பாயைப் பாதி விரித்தே போனார்கள். கரை சின்னதாகிக்கொண்டே போனது. வெயில் ஏறியது. கிழக்கே பாரின் மீது அலை உடைந்து வெள்ளைக் கோடாகத் தெரிந்தபோது, கஸ்பார் நேரத்தைப் பார்த்தான்.

"இப்படியே போனா பத்தாது. முழுசா விரிப்போம்."

பாய் படபடவென்று விரிந்தது. உருளை வேகமாகச் சுற்றியது. பிறகு ஒரு கடக் சத்தம். நின்றுவிட்டது.

கஸ்பார் முன்னால் ஓடினான். உருளை நிரம்பிவிட்டது. கயிறு விளிம்பைத் தாண்டி இறங்கி இடுக்கில் இறுகியிருந்தது. பாய் விரியவும் இல்லை, சுருளவும் இல்லை. காற்று படகை ஓரமாகத் தள்ளியது. வெள்ளைக் கோட்டின் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது.

"நங்கூரம்" என்றாள் அமலி. அவன் ஏற்கெனவே தூக்கிப் போட்டுவிட்டான்.

நங்கூரம் மணலில் இழுபட்டது, பிறகு பிடித்தது. படகு காற்றுக்கு முகம் திருப்பி நின்றது. பாய் தலைக்கு மேல் அடித்துக்கொண்டது.

அமலி தவழ்ந்து முன்னால் வந்தாள். இறுகிய கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"மெல்லிசு இருந்துச்சு. நாந்தான் வாங்கல."

"தெரியும்."

"எப்படி?"

"பொய் சொன்னா மூக்கத் தடவுவ."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

 கஸ்பார் வலதுகையை மடிப்பிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்தான். வெயிலில் அந்தக் கை வெளுத்துத் தெரிந்தது.

"மெல்லிசு என் கையில நிக்காது. ஒங்கிட்ட அதச் சொல்ல வாய் வரல. நீ தடிசத் தூக்கிட்டு வந்தப்ப, அப்பாடான்னு இருந்துச்சு."

அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். கொஞ்ச நேரம்தான். அதற்கு மேல் நேரம் இல்லை.

இருவரும் சேர்ந்து கயிற்றை நெம்பி, உருளையிலிருந்து முழுக்க உருவினார்கள். அமலி அதை விரலால் நசுக்கிப் பார்த்தாள். உள்ளே தண்டு நழுவுவது தெரிந்தது. மேலே உறை வேறாக நின்றது.

"பாவாடையில நாடா உருவிருக்கீங்களா?"

"நான் ஏன்ட்டி பாவாடையில நாடா உருவப் போறேன்?"

"கத்தியக் குடுங்க."

உருளையில் சுற்றும் பகுதி எதுவரை என்று அளந்தாள். அந்த இடத்தில் உறையின் பின்னலை விலக்கி ஒரு துளை திறந்தாள். உருளைப் பக்கத்துத் தண்டை விரலால் கொக்கிபோல் மாட்டி வெளியே இழுத்தாள். உறை சுருங்கிச் சுருங்கி வழிவிட்டது. தண்டு நீளமாக வெளியே வந்து விழுந்தது. அதை அறுத்தாள். பாய் தைக்கிற ஊசியால் அந்த இடத்தில் இறுக்கித் தையல் போட்டாள். உருளைப் பக்கத்துக் கயிறு இப்போது நாடாபோலத் தட்டையாகிவிட்டது. கைப்பக்கம் அதே சுண்டுவிரல் கனம்.

"வெறும் உறை தாங்குமா?"

"பாயத்தான இழுக்கப் போறோம். கப்பலயா?"

கயிற்றை மறுபடி உருளையில் கட்டினார்கள். நங்கூரத்தைத் தூக்கினார்கள். பாய் விரிந்தது. உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. பாய் முழுதும் திறந்த பிறகும் உருளையில் இடம் மிச்சமிருந்தது. செவந்தி சாய்ந்து பாய்ந்தது.

பார் நெருங்கியது. அமலி நின்றுகொண்டே சுக்கான் பிடித்தாள். பச்சைத் தண்ணீருக்கு நடுவே நீலமாக ஒரு கீற்று. அதுதான் வழி. இரண்டு பக்கமும் பாறை பழுப்பாக மினுங்கியது. கஸ்பார் அடிப்பலகையைத் தூக்கிவிட்டு, கயிற்றை எடுத்துத் தயாராக நின்றான்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள். "இன்னும்... இப்ப இழுங்க."

மூன்று விரல்கள் மூடின. இழுத்தான். இடதுகையால் வாங்கினான். மறுபடி வலது. பாய் சுருண்டது. நடுவில் காற்று ஒரு உதறு உதறிக் கயிற்றைப் பிடுங்கப் பார்த்தது. அவன் கால் சறுக்கியது. கயிறு கையை விட்டுப் போகவில்லை. பாறை படகின் விலாவை ஒட்டி ஓடியது. கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். பிறகு தண்ணீர் அமைதியானது.

குருவித்திட்டைக் காணவில்லை. கடலுக்கு நடுவே ரொசாரியோ மட்டும் தொடையளவு தண்ணீரில், துடுப்பை ஊன்றிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றான். தலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

"என்ன மச்சான், வழியில டீ குடிச்சீங்களோ?" என்று கத்தினான்.

"ஒங்கக்கா நாடா உருவிட்டு இருந்தா, லே."

"என்னது?"

"ஏறுலே மொதல்ல. வாளியில என்ன?"

"நண்டு. வள்ளம் போச்சு, இதயும் விடவா?"

அமலி தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அடுத்து வாளியை வாங்கி நிழலில் வைத்தாள்.

திரும்பி வந்தபோது துறை முழுக்க ஆட்கள். கோயில் மணியை யாரோ அடித்தார்கள். ரொசாரியோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து உருளையைக் குனிந்து பார்த்தார். தட்டைக் கயிற்றைத் தடவினார்.

"தடிசும் மெல்லிசும் ஒரே கயித்துலயா?"

"இனிமே கயிறு கேட்டு வாரவன்ட்ட டிரம்மையும் கேளுங்க, கையையும் கேளுங்க" என்றான் கஸ்பார். "அவனாச் சொல்ல மாட்டான்."

உருவிப் போட்ட தண்டை அமலி சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள். வீட்டில் துணி காயப்போட ஆகும். படகுக்கும் துறைக்கும் நடுவே தண்ணீர் ஏறி இறங்கியது. கஸ்பார் முதலில் தாண்டி மேலே ஏறினான். திரும்பிக் குனிந்து அவளுக்குக் கை நீட்டினான்.

வலதுகை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமலி அந்த மூன்று விரலையும் இறுகப் பிடித்துக்கொண்டு தாண்டினாள்.