மிமூன் தாமதமாக வந்த புதன்கிழமை

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஹாஜ் அல்லாலின் கதவைத் தட்டிய பெண், உள்ளே வந்ததும் உட்காரவில்லை. கையிலிருந்த பச்சைத் தாளை மேசைமேல் வைத்தாள்.

"என் புருஷன் பொய் சொல்றார்னு இந்தத் தாள் சொல்லுது. தாள்தான் பொய் சொல்லுதுன்னு அவர் சொல்றார். ரெண்டுல எது நிஜம்னு எனக்குத் தெரியணும்," என்றாள்.

ஹாஜ் அல்லால் மெக்னெஸ் நகர ரயில் நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நேர அட்டவணையைக் கவனித்து ஓய்வு பெற்றவர். காணாமல் போன வளையலோ, பெயரில்லாமல் வந்த கடிதமோ, தெருவில் எந்தச் சிக்கல் முளைத்தாலும் அவரிடம்தான் வந்து சேரும். கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் பத்தூல், அப்படி யாராவது படியேறும் ஓசை கேட்டால் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஏறி வந்துவிடுவாள். அன்றும் வந்து, வந்தவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. தண்ணி தர முடியாது, நோன்பு. காது தர்றோம்."

வந்தவள் பெயர் இத்தோ. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை, வயது முப்பத்தெட்டு. வேலையோடு வேலையாகப் படித்து, போன ஆண்டுதான் முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தாள். ஜைத்தூன் எனப்படும் ஆலிவ் காயிலிருந்து எண்ணெய் பிழியும் ஆலைகள் வெளியேற்றும் கறுப்புத் தண்ணீரைச் சுத்திகரித்து மீண்டும் வயலுக்கே பாய்ச்சும் வழி ஒன்று அவள் ஆய்வில் பிடிபட்டிருந்தது. அதை முனைவர் பட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த ஆண்டு எட்டே இடங்கள். போன புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் விண்ணப்பக் கோப்பு பல்கலைக்கழக அலுவலகத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

"எனக்கு அன்னைக்கு வகுப்பு. மிமூன்கிட்ட குடுத்தனுப்பினேன். வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினாங்க. 'தாமதம், ஏற்கப்படவில்லை'ன்னு என் பேருக்கு நேரா எழுதியிருந்துச்சு. ஒப்புகைச் சீட்டைப் பாருங்க."

பச்சைத் தாளில் இயந்திர முத்திரை தெளிவாக விழுந்திருந்தது: புதன், 12:47.

"பன்னெண்டுக்கு முன்னாடியே குடுத்துட்டேன்னு அடிச்சுச் சொல்றார். எப்படி நம்பறது ஹாஜ்? எங்க கல்யாணத்துக்கே ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தவர். வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். மூணு நாளா நோன்பு திறக்க அவங்க அம்மா வீட்டுக்குப் போயிடறார். நேர்காணல் நாளைக்கு. இடம் போச்சுன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். ஆனா..." என்று நிறுத்தினாள்.

"புருஷன் போனா அடுத்த வருஷம் கிடைக்காது," என்று பத்தூல் முடித்து வைத்தாள். "இதுல என்ன துப்பறிய இருக்கு ஹாஜ்? ஆம்பளை வழியில எவனோடயாவது பேசிக்கிட்டு நின்னிருப்பான்."

"நின்னிருக்கலாம். வாங்க, அவரையே கேட்டுடலாம்," என்று ஹாஜ் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மிமூனின் பட்டறை மூன்று தெரு தள்ளியிருந்தது. பழுதான குளிர்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவன், மனைவியைக் கண்டதும் எழுந்தான். பிறகு கோபம் நினைவுக்கு வர மறுபடி உட்கார்ந்தான்.

"தம்பி, புதன்கிழமை என்னென்ன செஞ்சீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க. மணி வேண்டாம். செஞ்சதை மட்டும் சொல்லுங்க," என்றார் ஹாஜ்.

"என்கிட்ட கடிகாரமும் இல்ல, அன்னைக்கு போன்லயும் சார்ஜ் இல்ல. பஸ்ல போனேன். வரிசைல நின்னேன். பூஷ்தான்னு ஒரு பெரியவர் கோப்பை வாங்கி, முத்திரை குத்திச் சீட்டுக் குடுத்தார். சீட்டை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு சந்தைக்கு நடந்தேன். இவளுக்கு ஷெபாக்கியான்னா உயிரு. நோன்பு திறக்கிறப்போ தேன் சொட்டச் சொட்ட வெக்கலாம்னு இனிப்புக் கடை வரிசைல நின்னேன். என் முறை வந்தப்போ நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னாங்க. கடைக்காரர் தட்டை மூடிட்டுத் தொழப் போயிட்டார். அவர் வர்ற வரைக்கும் நின்னு வாங்கிட்டு வந்தேன். அந்தப் பொட்டலத்தை இவ இன்னும் பிரிக்கக்கூட இல்ல."

இத்தோ தரையைப் பார்த்தாள்.

"கடைசியா ஒண்ணு. பாங்கு கேட்டப்போ சீட்டு உங்க பையிலதான் இருந்துச்சா?" என்றார் ஹாஜ்.

"வேற எங்க இருக்கும்?"

வெளியே வந்ததும் பத்தூல் குரலைத் தாழ்த்தினாள். "ஷெபாக்கியா கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா கதை சாட்சி ஆகுமா?"

ஹாஜ் சட்டைப்பையிலிருந்து நோன்பு நேர அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். "புதன்கிழமை லுஹர் எத்தனை மணிக்குன்னு படிங்க."

"பன்னெண்டு முப்பத்தெட்டு."

"முத்திரை பன்னெண்டு நாப்பத்தேழு. முத்திரை சரின்னா, கோப்பு குடுக்க வரிசைல நிக்கும்போதே அவர் பாங்கைக் கேட்டிருக்கணும். குடுத்துட்டு, சந்தைக்கு நடந்து, அங்கயும் ஒரு வரிசைல நின்ன பிறகு கேட்டதாச் சொல்றார். பொய் சொல்ல நினைக்கிறவன் 'பதினொன்றரைக்கே குடுத்துட்டேன்'பான். பாங்கு நமக்குக் கணக்காகும்னு இவருக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப அந்த பூஷ்தாதான். வேணும்னே நேரத்தை மாத்திக் குத்தியிருக்கான். யாருக்கோ இடம் பிடிக்கிறாங்க. வாங்க, மூணு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க. நோன்பு வருதுன்னு நாட்டுல உள்ள கடிகாரத்தை எல்லாம் எட்டு நாளைக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளினாங்க. என் வயித்தை யாரும் தள்ளல. அது பழைய கணக்குலயே பசிக்குது."

ஹாஜ் நடையை நிறுத்தி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேருந்து நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தார். இத்தோவும், பட்டறையைப் பூட்டிவிட்டு மிமூனும் பின்னால் வந்தார்கள்.

முனைவர் படிப்பு அலுவலகத்தில் பூஷ்தா மெலிந்த, மரியாதையான மனிதராக இருந்தார். பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள்தான் பாக்கி. கோப்புகளை வாங்குவது, முத்திரை குத்துவது, முத்திரையில் விழுந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவது, அவ்வளவே அவர் வேலை. தாமதமானவற்றைக் கழிப்பது தேர்வுக் குழுவின் பாடு.

ஹாஜ் ஒரு வெற்றுத் தாளை நீட்டினார். "இதுல ஒரு குத்து குத்துங்க, பூஷ்தா அண்ணே."

இயந்திரம் 'டக்' என்றது. முத்திரை, 13:12. சுவர்க் கடிகாரமும் அதையே காட்டியது. ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை. இத்தோவின் முகம் வாடியது. மிமூன் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பதிவேட்டையும் பார்க்கலாமா?"

பூஷ்தா தயங்கி எடுத்து வைத்தார். பத்தூல் அதைப் பிடுங்காத குறையாக இழுத்து, புதன்கிழமைப் பக்கத்தை உரக்கப் படித்தாள். "முதல் கோப்பு பத்து மணி அஞ்சு நிமிஷம். அப்புறம் பத்து பதினொண்ணு. பெரிய கூட்டம் போலிருக்கு. பன்னெண்டு மூணு, பன்னெண்டு இருபது, பன்னெண்டு நாப்பத்தேழு இத்தோ, பன்னெண்டு ஐம்பத்திரண்டு... கடைசிக் கோப்பு பதினஞ்சு நாப்பத்தொண்ணு. அடித்தல் திருத்தல் எதுவும் இல்ல ஹாஜ். எல்லாம் ஒழுங்கா இருக்கு."

"ரொம்ப ஒழுங்கு," என்று ஹாஜ் ஒரு தாளைப் புரட்டி வியாழக்கிழமையின் முதல் இரண்டு வரிகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. "தேர்வுக் குழுத் தலைவி இருக்காங்களா? அவங்களும் இதைக் கேக்கணும்."

தேர்வுக் குழுவின் தலைவி பேராசிரியை நுஸ்ஹா, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றியபடி வந்தார். நேர்காணலுக்கு முந்தைய நாளின் அவசரம் அவர் நடையில் இருந்தது. "அஞ்சு நிமிஷம்தான் தர முடியும் ஹாஜ். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"விதியைத் தொடல அம்மா, கடிகாரத்தைத்தான் தொடறேன். நோன்பு மாசத்துல இந்த அலுவலகம் எத்தனை மணிக்கு மூடும்?"

"மூணு மணிக்கு."

"புதன்கிழமை கடைசிக் கோப்பை பூஷ்தா அண்ணன் மூணு நாப்பத்தொண்ணுக்கு வாங்கியிருக்கார். நம்ம நாட்டுல நோன்பு வெச்சுக்கிட்டு, கதவு சாத்தி நாப்பது நிமிஷம் ஆன பிறகும் வேலை செஞ்ச அரசு ஊழியரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. ரயில்வேயில நானே அப்படிச் செஞ்சதில்ல."

பேராசிரியையின் உதட்டோரம் அசைந்தது.

"காலையில ஒம்பது மணிக்குத் திறக்கிறீங்க. கடைசி நாள், வாசல்ல கூட்டம். ஆனா முதல் கோப்பு பத்து மணி அஞ்சு நிமிஷத்துக்குப் பதிவாகியிருக்கு. ஒரு மணி நேரமா அத்தனை பேரும் சும்மா நின்னாங்களா? இதெல்லாம் விடுங்க. வியாழக்கிழமைப் பக்கத்தைப் பாருங்க. முதல் கடிதம் பத்து மூணு. அதுக்கு அடுத்தது ஒம்பது பத்து. முப்பத்து நாலு வருஷம் அட்டவணை பார்த்தவன் நான். அடுத்த ரயில் முந்தின ரயிலுக்கு முன்னாடி வந்ததே இல்ல."

பத்தூல் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கடிகாரத்தைப் பின்னாடி தள்ளினது!"

"ஆமா. நாடு முழுக்க தள்ளினாங்க. இந்த இயந்திரத்தை மட்டும் தள்ள யாருக்கும் தோணல. ஞாயித்துக்கிழமையிலிருந்து புதன் வரைக்கும் அது ஒரு மணி நேரம் முன்னாடியே ஓடியிருக்கு. வியாழக்கிழமை காலையில, முதல் கடிதத்துக்கும் ரெண்டாவது கடிதத்துக்கும் நடுவுல, ஒருத்தர் அதைச் சரி பண்ணியிருக்கார். அதனாலதான் இன்னைக்கு சரியாக் காட்டுது. புதன்கிழமை பன்னெண்டு நாப்பத்தேழுன்னு விழுந்தப்போ உண்மையான நேரம் பதினொண்ணு நாப்பத்தேழு. மிமூன் பதிமூணு நிமிஷம் முன்னாடியே வந்துட்டார்."

எல்லோரும் பூஷ்தாவைப் பார்த்தார்கள். அவர் பதிவேட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான்தான் சரி பண்ணேன்," என்றார் தணிந்த குரலில். "வியாழக்கிழமை பத்து மூணுன்னு விழுந்தப்பதான் கவனிச்சேன். உடனே திருப்பி வெச்சேன். புதன்கிழமைக் கோப்பெல்லாம் அப்பவே மேல போயிடுச்சு, யாருக்கும் பாதிப்பு இருக்காதுன்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை பட்டியலைப் பார்த்ததும்தான் என் தப்பு புரிஞ்சுது. சொன்னா வேலை போயிடுமோன்னு வாயை மூடிக்கிட்டேன். மன்னிச்சிரு மகளே. மூணு ராத்திரியா எனக்கும் தூக்கம் இல்ல."

"சொல்லியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்பேன் பூஷ்தா," என்றார் பேராசிரியை. "இயந்திரத்துக்கு நேரம் வைக்கச் சொல்லி நானும் யாருக்கும் எழுதல. அந்தத் தப்பு என்னோடது." அவர் பதிவேட்டை இழுத்து, பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே விழுந்த முத்திரைகளை எண்ணினார். "இத்தோவோட சேர்த்து நாலு பேர். நாலு பேரும் நேரத்துக்குத்தான் வந்திருக்காங்க. நாளைக்கு நாலு பேரும் நேர்காணலுக்கு வரணும். யார் போன் பண்ணிச் சொல்றது?"

"நான்," என்று பத்தூல் ஏற்கெனவே எண்களைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

தாழ்வாரத்தில் அவள் முதல் எண்ணை அழைத்தபோது, மறுமுனையில் ஒரு பெண் போட்ட குலவைச் சத்தம் அலுவலகம் வரை கேட்டது. இரண்டாவது ஆள் இதை மோசடி அழைப்பு என்று நினைத்துத் திட்டினான். பூஷ்தாவே போனை வாங்கி, தன் பெயரையும் தன் தவற்றையும் சொல்லி அவனை நம்ப வைத்தார். மூன்றாவது அழைப்பை அவர் யாரும் கேட்காமலே செய்தார்.

பேராசிரியை பச்சைச் சீட்டில் பழைய நேரத்தை அடித்து, 11:47 என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதை மிமூன் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, இதுக்கு ஒரு நகல் கிடைக்குமா? எங்க வீட்டுல யாரும் நம்ப மாட்டாங்க."

பேராசிரியை சிரித்தே விட்டார். இத்தோ சிரிக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவன் பக்கம் திரும்பினாள்.

"மூணு நாளா உங்களை நம்பல. நீங்க சொன்னதைக் கேக்கக்கூட இல்ல. தப்பு என்மேலதான்."

மிமூன் காதைச் சொறிந்தான். "விடு. பதினாலு வருஷமா நானே பாடுபட்டுச் சம்பாதிச்ச பேரு அது. ஒரே புதன்கிழமையில மாறிடுமா? சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். ஹரீரா சூப்பு கெட்டியா வை."

அன்று மாலை பாங்கு ஒலித்தபோது இத்தோவின் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜ் வேண்டாம் என்றும், பத்தூல் வேண்டும் என்றும் சொல்லி இருவரும் வந்திருந்தார்கள். ஐந்தாவதாக, முட்டையும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு, வாசலில் கால் மணி நேரம் தயங்கி நின்ற பூஷ்தாவை மிமூன்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தான்.

மறுநாள் நேர்காணலில் இத்தோ இருபது நிமிடம் பேசினாள். கறுப்புத் தண்ணீர் நிரம்பிய ஒரு புட்டியையும், சுத்திகரித்த தண்ணீர் நிரம்பிய இன்னொன்றையும் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். குழுவில் இருந்த ஒருவர், சொந்தமாக ஜைத்தூன் தோப்பு வைத்திருப்பவர், கேள்வி கேட்பதை மறந்து விலை கேட்டார்.

அடுத்த வாரம் பட்டியல் ஒட்டப்பட்டது. எட்டுப் பெயர்களில் மூன்றாவது அவளுடையது. அந்த நால்வரில் இன்னொருவரின் பெயர் ஆறாவதாக இருந்தது. பலகை முன்னால் நின்று இத்தோ மூன்று முறை படித்தாள். கண் நிறைந்தது. பிறகு திடீரென்று கவலைப்பட்டவளாகக் கணவனைப் பார்த்தாள்.

"முடிக்க நாலு வருஷம் ஆகும். அஞ்சு கூட ஆகலாம்."

"ஆகட்டுமே," என்றான் மிமூன். "எனக்கு என்னைக்கு அவசரம் இருந்துச்சு?"